எது ஆனாலும் மூணு வருஷம்

சிதம்பரம் மேலவீதிப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் ஆரோக்கிய அனிதா வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் வருவாள். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று வரும். பரங்கிப்பேட்டையில் மீன்கூடைகள் ஏறினால் அவள் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். மீன் வாடை அவளுக்குப் பழக்கம்தான். கடைக்குள் ஏசி உண்டு. ஏசிக்குள் போய்விட்டால் துணியில் ஏறிய வாடை நாள் முழுக்கப் போகாது. மேனேஜர் அருள்முருகன் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும், "ரயில்ல வர்றவங்க கொஞ்சம் சென்ட் அடிச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

சம்பளம் மூவாயிரத்து இருநூறு. அதற்கு மேல் வருவது அவள் சாமர்த்தியம். மெஷின் விற்றால் ஒன்றும் கிடையாது. மெஷினோடு கூட என்ன போகிறது என்பதுதான் கணக்கு. யூபிஎஸ் போனால் ஐம்பது ரூபாய், ஆன்டி வைரஸ் போனால் முப்பது, மூன்று வருடப் பாதுகாப்புத் திட்டம் போனால் நூற்றைம்பது. திட்டத்தைக் கடையில் எல்லோரும் 'பிளான்' என்றுதான் சொல்வார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, நேற்று யார் எத்தனை பிளான் போட்டார்கள் என்று அருள்முருகன் படிப்பார். போடாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். போன மாதம் மாலதி என்ற பெண்ணை அப்படித்தான் வேலையை விட்டே நிறுத்தினார்கள். அவள் விற்றது ஜாஸ்தி, பிளான் போட்டது குறைச்சல்.

அருள்முருகனும் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே முதலாளி இருந்தார். மதியம் மூன்று மணிக்கு முதலாளியின் போன் வந்தால், மேனேஜர் பேசிக்கொண்டே டேபிள் மேல் இருக்கும் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடுவார். போனை வைத்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பார்.

"பிளான் புக்குல இருக்குறத எல்லாம் படிச்சிக் காட்டிக்கிட்டு இருக்காதீங்க. கஸ்டமருக்கு அது புரியாது. எது ஆனாலும் மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல. இத ஒண்டி சொல்லுங்க. சிரிச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

அனிதாவின் அப்பா சவரிமுத்து துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவள் பி.சி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா ராஜாமணி இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். சர்க்கரை வந்து, விரலில் பட்ட இறால் முள் ஆறாமல் சீழ் கோத்துக்கொண்ட பிறகு அதையும் விட்டுவிட்டாள். அனிதாவின் கடைசி வருடப் பீஸைக் கட்டியது தைரியராஜ் மாமா. அப்பாவின் தங்கை புஷ்பமேரி அத்தையின் புருஷன். இரண்டு தெரு தள்ளி வீடு. கொத்தனார் வேலை. கல்லறையில் அப்பாவின் குழிக்கு மேல் சிமெண்டுச் சிலுவை செய்து வைத்ததும் அவர்தான். சிமெண்டு ஒரு மூட்டை ஆயிற்று. காசு கேட்கவில்லை.

2011ஆம் வருடம், மாதா திருவிழா முடிந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாமாவும் அவர் மகன் ஆரோக்கிய ஜெகனும் கடைக்குள் வந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பை வெளியே விடப் போனவரை ஜெகன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தான்.

"பாப்பா, நீ இருக்குற கடைன்னுதான் கடலூர்ல எங்கியும் பாக்காம நேரா வந்துட்டோம்" என்றார் மாமா.

ஜெகனுக்கும் அனிதாவுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். அவன் முதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தான். சென்டர்க்காரர் கடையை மூடிவிட்டு மலேசியா போய்விட்டார். அங்கே வந்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாம் ஜெகனைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். பரீட்சைக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் போட, ரயில் டிக்கெட் எடுக்க, பயோடேட்டா அடிக்க. வீட்டு முன்பக்கம் மாமா தானே சுவர் எழுப்பி, மேலே சிமெண்டு ஷீட் போட்டு ஓர் அறை கட்டிக்கொடுத்தார். மெஷின் ஒன்றுதான் பாக்கி. அத்தையின் சீட்டுப் பணம் இருபத்து நாலாயிரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஜெகன் கேட்ட மெஷின் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. பேப்பர் விளம்பரத்தைக் கையில் வெட்டி வைத்திருந்தான். அனிதா கம்ப்யூட்டரில் பில்லை ஏற்றினாள். யூபிஎஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஆன்டி வைரஸ் எண்ணூற்றைம்பது, பிளான் இரண்டாயிரத்து அறுநூறு, டெலிவரியும் இன்ஸ்டலேஷனும் அறுநூறு. மொத்தம் இருபத்தொன்பதாயிரத்து நானூற்றைம்பது.

ஜெகன் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்னாது அனிதா இதெல்லாம்? நான் மெஷின்தான கேட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அருள்முருகன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"சார், இது பேக்கேஜ் சார். பேப்பர்ல போட்டிருக்குற ரேட்டு பேக்கேஜோட எடுத்தாதான்."

"ஆன்டி வைரஸ் நெட்லயே ஃப்ரீயாக் கெடைக்குது சார்."

"ஃப்ரீயாக் கெடைக்கிறது ஃப்ரீ மாதிரிதான் சார் வேலை செய்யும்."

"சரி, இன்ஸ்டலேஷன் எதுக்கு? நானே மாட்டிக்குவேன். டெலிவரியும் வேணாம், ரயில்லயே எடுத்துட்டுப் போயிடுறோம்."

"அது சிஸ்டத்துல தானா ஏறிக்கிறது சார். எடுக்க முடியாது."

"எடுக்க முடியாதுன்னா?"

"எடுத்தா பில் வராது. மெஷின் ஒண்டிதான் வேணும்னா இருபத்தஞ்சாயிரத்து எறநூறு ஆவும். ஸ்டாக் வர பத்து நாள் ஆவும்."

ஜெகன் அப்பாவைப் பார்த்தான். பத்து நாளைக்குள் ஆசிரியர் பரீட்சை அப்ளிகேஷன் முடிந்துவிடும். ஏற்கெனவே முப்பது பேர் அவனிடம் பெயர் சொல்லி வைத்திருந்தார்கள்.

"யூபிஎஸ் இருக்கட்டும்டா" என்றார் மாமா. "கரண்டு போவுது, வருது. அது வேணும். மத்தத..."

சர்வீஸ் ஆள் கொளஞ்சி, மெஷினை ஓட்டிக் காட்ட ஜெகனைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். ஜெகன், "பிளான் கிளான் எல்லாம் வேணாம்ப்பா, எடுக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

மாமா கவுண்டரின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். சிமெண்டு அரித்த விரல்கள். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்சம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, நீ சொல்லு. எனக்கு இந்த வெவரம் எல்லாம் தெரியாது. இந்த ரெண்டாயிரத்தி அறுநூறு இருக்குதே, அது வேணுமா, வேணாமா?"

அடுத்த டேபிளில் அருள்முருகன் ஒரு பழைய பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் படிக்கவில்லை என்பது அனிதாவுக்குத் தெரியும். அந்த மாதம் நாலு மெஷின் விற்றிருந்தாள், ஒரு பிளான்கூடப் போகவில்லை. அன்று காலையில்தான் அவர், "அடுத்ததும் இப்பிடியே போச்சின்னா, தீபாவளிக்கு முன்னாடியே கணக்கு முடிச்சிக்குவோம் அனிதா" என்று சொல்லியிருந்தார். மாமாவிடம் கண்ணைக் காட்டியிருக்கலாம். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"போட்டுக்குங்க மாமா" என்றாள். "எது ஆனாலும் மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

"எது ஆனாலுமா?"

"ஆமாம் மாமா. எது ஆனாலும் மாத்திக் குடுத்துடுவாங்க."

"அப்ப போடு" என்றார் மாமா. அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னா சரிதான்."

குறைகிற பணத்துக்கு அவர் அண்ணாமலை நகர் போனார். அங்கே அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்துக் காண்டிராக்டர் சடையப்பனிடம் ஐயாயிரத்து ஐந்நூறு முன்பணம் வாங்கிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜெகன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது மாமா, கடைக்கு எதிரில் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிவந்து கவுண்டரில் வைத்தார். "எல்லாரும் சாப்பிடுங்க" என்றார். அருள்முருகனும் ஒரு பழம் எடுத்துக்கொண்டார்.

அந்த முன்பணத்துக்காக ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க மாமா அண்ணாமலை நகருக்குப் போய்வந்தார். மற்ற கொத்தனார்கள் மழை என்று நின்றுவிட்ட நாட்களில் அவருக்கு உள்பூச்சு வேலை. ஈரச்சுவரில் சாந்து நிற்காது. அடித்தது விழும், திரும்ப அடிக்க வேண்டும். சாயந்திரப் பாசஞ்சரில் சில நாள் அனிதாவும் அவரும் ஒரே பெட்டியில் வருவார்கள். அவர் கரண்டியும் மட்டப்பலகையும் வைத்த சாக்குப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, ஜெகன் அன்றைக்கு எத்தனை அப்ளிகேஷன் போட்டான் என்று சொல்லிக்கொண்டு வருவார். போலீஸ் வேலைக்கு இத்தனை, வி.ஏ.ஓ. பரீட்சைக்கு இத்தனை. ஆளுக்கு முப்பது ரூபாய்.

"உங்க அத்தை இட்லி மாவு விக்கிறதக் காட்டியும் இவன் ஜாஸ்தியாச் சம்பாரிக்கிறான் பாப்பா. அவளுக்குக் கொஞ்சம் பொறாமதான்" என்று சிரிப்பார்.

அனிதாவும் சிரிப்பாள். அந்த மாதம் பிளான் பணம் நூற்றைம்பது அவள் சம்பளத்தில் தனியாக வந்திருந்தது. அதற்கு அம்மாவின் மாத்திரை வாங்கினாள். நாளாக நாளாக அவளுக்கே அது நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று தோன்ற ஆரம்பித்தது. மெஷினுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஒன்றும் ஆகாமல் மூன்று வருடம் போய்விட்டால் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி விடிகிற நேரத்துக்கு, 'தானே' என்று பெயர் வைத்த புயல் கரையைக் கடந்தது.

முந்தின நாளே டிவியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். முதுநகர்க்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. மெழுகுவத்தி வாங்கினார்கள், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். சுனாமியில் கடல் வந்ததைப் பார்த்தவர்கள் கடலைத்தான் எதிர்பார்த்தார்கள். இந்த முறை வந்தது காற்று. தேவனாம்பட்டினத்திலிருந்து உள்ளே குறிஞ்சிப்பாடி வரைக்கும் நின்ற மரத்தை நிற்கவிடவில்லை. அனிதாவும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் அம்மியைத் தள்ளி வைத்து, அதன் மேல் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். தகரம் பறக்கிற சத்தம், எங்கோ மாடு கத்துகிற சத்தம், அப்புறம் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிய காற்று.

மாமா வீட்டில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முன்னறையின் சிமெண்டு ஷீட் ஒன்று தூக்கித் தூக்கி அடிக்க ஆரம்பித்தது. உள்ளே தளம் போட்ட அறை ஒன்றுதான் பத்திரம். முன்னறையில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர், இன்னொரு மூலையில் அத்தையின் மாவு கிரைண்டர். இருபது வருடமாக அந்தக் குடும்பத்துக்குக் காலைக் காசு கொடுத்துக்கொண்டிருந்த கிரைண்டர். கல்லோடு சேர்த்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஜெகன் ஓடிப்போய் மானிட்டர் ஒயரைப் பிடுங்கினான். மாமா கத்தினார்.

"அத உடுறா! அதுக்கு எழுதிக் குடுத்திருக்குது. எது ஆனாலும் மாத்திக் குடுத்துடுவாங்க. கிரைண்டரப் புடி!"

ஜெகன் விட்டுவிட்டுக் கிரைண்டரைப் பிடித்தான். அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூன்று ஷீட்டும் போய்விட்டன. பக்கச் சுவரில் மேல் வரிசைக் கற்கள் கம்ப்யூட்டர் டேபிள் மேல் விழுந்தன. அப்புறம் நாலு மணி நேரம் மழை.

கரண்டு வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. தண்ணீருக்கு லாரியின் பின்னால் குடத்தோடு ஓடினார்கள். தெருவெல்லாம் அழுகிய இலை நாற்றம். பண்ருட்டிப் பக்கம் பலாமரங்கள் வேரோடு சாய்ந்ததையும் முந்திரிக்காடு படுத்துவிட்டதையும் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி யாரிடம் சொல்ல முடியும்? மாமா முகம் வாடவில்லை. ரேஷன் கடை வரிசையில் அனிதாவைப் பார்த்தபோதுகூட, "பாதை சரியாவட்டும் பாப்பா, எடுத்துக்கிட்டு வர்றோம்" என்றார். அவள் "சரி மாமா" என்றாள். புத்தகத்தில் இருப்பதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

ஜனவரி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மாமாவும் ஜெகனும் மெஷினை அரிசிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கடையில் கூட்டம் இருந்தது. பொங்கல் ஆஃபர் இன்னும் முடியவில்லை. கொளஞ்சி திருகாணியைக் கழற்றித் திறந்து பார்த்தான். உள்ளே மண்ணும் துருவும். ஒரு பாச்சை செத்துக் கிடந்தது.

"தண்ணி போயிருக்குது சார்" என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னான்.

மாமா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பிளான் புத்தகத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். புயலில் அதை மட்டும் அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். அருள்முருகன் அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னார்.

"தண்ணி உள்ள போனா கெடையாது. கரண்டு ஏறி எறங்கிக் கெட்டுப்போனா கெடையாது. கீழ விழுந்தா, ஒடஞ்சா கெடையாது. புயல், வெள்ளம், பூகம்பம் எதுக்கும் கெடையாது. கம்பெனிக்காரன் வச்ச பாகம் தானா ரிப்பேர் ஆனா ஒண்டிதான் மாத்திக் குடுப்பாங்க. அதுவும் மொத வருஷம் கம்பெனியே குடுத்துடும். ரெண்டாம் வருஷத்துலேர்ந்துதான் இந்தப் புக்கு."

"அது எப்பிடி சார்?" என்றார் மாமா. "எது ஆனாலும் மூணு வருஷத்துக்குன்னு சொல்லித்தான குடுத்தீங்க?"

"யாரு சொன்னது?"

மாமா அனிதாவைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் நம்பிக்கையாகத்தான் பார்த்தார்.

"நம்ம பாப்பாதான்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிளான் பாரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் பேனாவை அப்படியே நிறுத்தினார். அருள்முருகனின் காது மடல் சிவந்தது.

"நாங்க எல்லா கஸ்டமருக்கும் தெளிவாச் சொல்லித்தான் குடுக்குறோம். அனிதா, சார்கிட்ட சொன்னீங்களா இல்லியா? தண்ணி, புயல் இதுக்கெல்லாம் கெடையாதுன்னு?"

அனிதா பில் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சொன்னேன் சார்."

ஜெகன் சட்டென்று அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அவர் எதையோ திரும்ப நினைத்துப் பார்க்கிறவர்போல் நின்றார்.

"சொன்னியா பாப்பா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருப்ப" என்றார் அவர். "எனக்குத்தான் காதுல சரியா உழுந்திருக்காது. டைல்ஸ் வெட்டுற மெஷினுக்குப் பக்கத்துலயே நிக்கிறனா, காது கொஞ்சம் அப்பிடித்தான்." அருள்முருகன் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "எம்மேலதான் சார் தப்பு. பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

புத்தகத்தைத் திரும்பக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஜெகன் சாக்கைத் தனியாகவே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். வாத்தியார் அன்றைக்குப் பிளான் வாங்கவில்லை. அதற்காக யாரும் அனிதாவைத் திட்டவில்லை. மூன்று மணிக்கு அருள்முருகன் ஆளனுப்பி அவளுக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்தார்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதுநகரில் எந்தப் பேச்சும் ஒரு வீட்டோடு நிற்காது. பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ராஜாமணி முக்காட்டை மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"ஜெகன் திருப்பூருக்குப் போறானாம்டி. பனியன் கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாம். மத்தியானம் பஸ்ஸு."

"எதுக்கும்மா?"

"எதுக்கு? இங்க என்னா இருக்குது? அப்பனும் புள்ளையும் ஒரு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசிக்கிறது இல்ல. 'நான் தூக்கப் போனேன், நீதான் உடச் சொன்ன'ன்னு அவன் ஒருநாள் கத்தியிருக்கான். அதோட செரி. தைரியராஜ் அண்ணன் அதக் காட்டியும் மோசம். தர்மாசுபத்திரிக்குப் போயி காதப் பாருங்கன்னு டாக்டர்கிட்ட ஒக்காந்தாராம். டாக்டர் லைட்டு அடிச்சிப் பாத்துட்டு, 'உங்க வயசுக்கு நல்லாத்தான் இருக்குது'ன்னு சொல்லிட்டாராம். இவரு நம்ப மாட்டேங்கிறாராம். வேலை செய்யிற எடத்துல ஒரு அளவ மூணு தடவ கேக்குறாராம். மேஸ்திரி நாலடின்னா, நாலா, ஏழாங்கிறாராம். சித்தாளுங்க சிரிக்குதாம். புஷ்பம் இன்னிக்குக் கோயில்ல என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறா. 'அண்ணி, மனுஷன் நல்லா இருந்தாரு, திடீர்னு தன்னையே நம்பாத மாதிரி ஆயிட்டாரு'ன்றா."

ராஜாமணி முக்காட்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏண்டி, புயலுக்குக் கெடையாதுன்னு அவருகிட்ட நீ சொன்னதான?"

அனிதா கொடியில் கிடந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அனிதா."

"சொல்லலம்மா."

ராஜாமணி அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஆறாத விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் ரெண்டு மணிக்குப் பஸ்ஸு" என்று மட்டும் சொன்னாள்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. புயலில் பிய்ந்த கூரையை இன்னும் சரிசெய்யவில்லை. திருப்பூர் பஸ்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெகன் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே மாமா தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார். அதைக் கொடுக்கவுமில்லை, போகவுமில்லை.

"மாமா" என்றாள் அனிதா.

அவர் திரும்பினார். "நீ எங்க பாப்பா இங்க?"

"அன்னிக்கு நான் சொல்லல மாமா."

"என்னா?" அவர் கையைக் காதில் வைத்துக்கொண்டார். "இன்ஜின் சத்தத்துல உழல. சத்தமாச் சொல்லு."

அவள் சுற்றிப் பார்த்தாள். பூ விற்கிற பெண், கண்டக்டர், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அவள் கத்தித்தான் சொன்னாள்.

"புயலுக்குக் கெடையாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. எது ஆனாலும் மாத்திக் குடுப்பாங்கன்னுதான் சொன்னேன். நீங்க எது ஆனாலுமான்னு கேட்டீங்க. ஆமான்னு சொன்னேன். நீங்க சரியாத்தான் கேட்டீங்க மாமா. மேனேஜர் முன்னாடி நான்தான் பொய் சொல்லிட்டேன்."

பூக்காரப் பெண் கையை நிறுத்திப் பார்த்தாள். ஜெகன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். அவன் முகத்தில் கோபம் இருந்தது. அதைவிட வேறு ஏதோ இருந்தது.

"இப்ப வந்து சொல்றியா?" என்றான். "எங்கப்பன நான் என்னென்னா பேசியிருக்கேன் தெரியுமா?"

கண்டக்டர் விசில் ஊதினான். ஜெகன் அப்பாவைப் பார்த்தான். கையை நீட்டினான். மாமா எட்டித் தண்ணீர்ப் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார். பஸ் நகர்ந்தபோது அவன் கத்தினான்.

"சாரத்துல பாத்து ஏறுப்பா. போயி போன் போடுறேன்."

"ம். போடு போடு" என்றார் மாமா. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் கையைத் தூக்கியபடியே இருந்தார்.

அப்புறம் அனிதா பக்கத்தில் நிற்பதே தெரியாதவர்போல் டீக்கடைக்கு நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

"ஒரு டீ" என்றார் கடைக்காரரிடம்.

பாதி டம்ளர் குடித்த பிறகு, அவளைப் பார்க்காமலே பேசினார்.

"அப்ப எனக்குச் சரியாத்தான் உழுந்திருக்குது."

"ஆமாம் மாமா."

"ஒரு மாசமா ராத்திரி படுத்துக்கிட்டு ஒங்க அத்தையப் பேசச் சொல்லிக் கேப்பேன். அவ மெதுவாப் பேசுவா. எல்லாம் கேக்கும். ஆனா நம்பிக்கை வராது." டம்ளரை உருட்டிப் பார்த்தார். "இன்னும் அந்தக் கடைக்குத்தான் போறியா?"

"போறேன் மாமா."

"போ. உட்றாத. ஒங்கம்மாவுக்கு மாத்திர வாங்கணுமே."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதுநகர் டவுன் பஸ் வந்து நின்றது. ஏறப் போனவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார்.

"பணம் போனது போச்சி. அத நான் சம்பாரிச்சிக்குவேன். அத்தைகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு எங்க வூட்டுப் பக்கம் வராத பாப்பா."

பஸ்ஸில் இடம் இருந்தது. அனிதா அதில் ஏறவில்லை.